பதினொரு நிமிடம் முந்திய நட்சத்திரம்

இரட்டை நட்சத்திரங்களைப் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் எனக்கு எழுதுகிறீர்கள். எந்தத் தொலைநோக்கி வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்ல என்னைவிட விவரமானவர்கள் இருக்கிறார்கள். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் சொல்வதற்கு இருப்பது நான் செய்த ஒரு தப்பு. அதைப் பற்றி இதுவரை முழுதாக எங்கும் எழுதியதில்லை.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் நம் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில நட்சத்திரங்கள் உண்மையில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றிவரும்போது ஒன்று மற்றொன்றை மறைக்கும். எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் நமக்கு அது ஒரே ஒளிப்புள்ளிதான். மறைப்பு நடக்கும்போது அந்தப் புள்ளி மங்கி, பிறகு மீண்டும் பழைய ஒளிக்குத் திரும்பும். எந்த நொடியில் மிகவும் மங்கியது என்பதைக் குறித்துக்கொள்வோம். பல வருடக் குறிப்புகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் அந்த இரண்டும் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா, ஒன்றிலிருந்து மற்றதற்குப் பொருள் கொட்டுகிறதா என்றெல்லாம் கணக்கிடலாம். ஆக, அடிப்படையில் நாம் மணி பார்க்கிறவர்கள். அந்த மணியில்தான் நான் கோட்டைவிட்டேன்.

பார்ப்பதற்கு இடம் தேடி நான் நிறைய அலைந்திருக்கிறேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி, இரவெல்லாம் விளக்கு. எறையூர்ப் பக்கம் வானம் தெளிவாக இருக்கும் மாதங்களில்தான் சர்க்கரை ஆலையில் கரும்பு அரவையும் நடந்து புகை எழும். கடைசியில் அரும்பாவூருக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில், சரஸ்வதி என்பவரின் காட்டில் ஒரு மோட்டார் கொட்டகை கிடைத்தது. கான்கிரீட் கூரை. அவர் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமுமாக எட்டு ஏக்கரைச் சரஸ்வதி தனியாகக் கவனித்துக்கொண்டிருந்தார். கூரையைக் கேட்டபோது வாடகை வேண்டாம் என்றார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

“வண்டிய வெங்காயப் பாத்தி மேல மட்டும் ஏத்திடாதீங்க டீச்சரம்மா. மத்தபடி உங்க வூடு மாதிரி நெனச்சுக்குங்க.”

அங்கே பெரும்பாலும் பார்வை எடுத்தவர் நானல்ல, தனபால். கீழப்பழுவூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நாற்பத்திரண்டு வயதில் என்னிடம் பகுதிநேர ஆய்வாளராகச் சேர்ந்தவர். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் எழுபது கிலோமீட்டர் பைக்கில் வந்து, இரண்டு இரவு பார்த்துவிட்டு, ஞாயிறு மதியம் ஊர் திரும்புவார். அதிகம் பேச மாட்டார். எதையும் அழிக்க மாட்டார். கெட்டுப்போன படங்களைக்கூடத் தனிக் கோப்பில் போட்டு வைத்திருப்பார். ஒவ்வோர் இரவுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதுவார். மாதக் கடைசியில் நான் அதில் கையெழுத்துப் போடுவேன்.

எட்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டோம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே சுற்றும் வகை. முதல் வருடம், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, பழைய அட்டவணைகள் சொன்ன நிமிடத்திலேயே மறைப்புகள் நடந்தன. அந்த ஏப்ரலில் ஒரு முழு மறைப்பு எங்கள் கையைவிட்டுப் போனது. சரியாக ஒளி அடிமட்டத்தைத் தொடும் நேரத்தில் மடிக்கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று அணைந்து, அரைமணி நேரம் கழித்து எழுந்தது. நான் எரிச்சலில் இருந்தேன்.

“இனிமே இந்தக் கம்ப்யூட்டர் நெட்டு பக்கமே போகக் கூடாது தனபால். எல்லாத்தையும் வெட்டி விட்டுடுங்க” என்றேன்.

வெட்டிவிட்டார். அடுத்த மாதமோ என்னவோ, ஒருநாள் கல்லூரி வராந்தாவில் நடந்துகொண்டே கேட்டார்.

“மேடம், நெட்டு இல்லன்னா கம்ப்யூட்டர் மணிய எதை வெச்சு சரி பண்றது?”

“ஒரு செகண்டு ரெண்டு செகண்டு முன்ன பின்ன இருக்கும். நம்ம வேலைக்கு அது போதும்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டேன்.

என் தப்பு இவ்வளவுதான். ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு ஐந்து நொடிகூட ஆகியிருக்காது.

இரண்டாம் வருடம் மறைப்புகள் இரண்டு மூன்று நிமிடம் முன்னதாக வந்தன. மூன்றாம் வருடத் தொடக்கத்தில் எட்டு நிமிடம். ஏப்ரலில் பதினொரு நிமிடம். நட்சத்திரம் சீக்கிரம் வருகிறது என்றால் சுற்று குறுகுகிறது. சுற்று குறுகுகிறது என்றால் இரண்டும் நெருங்குகின்றன. புள்ளிகளை வரைந்து பார்த்தபோது அவை நேர்க்கோட்டை விட்டுக் கீழே வளைந்தன. அந்த வளைவை நான் என் அறைச் சுவரில் ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது. முப்பது வருடம் பாடம் நடத்தியவளுக்குக் கடைசியில் வானத்திலிருந்து ஒரு பரிசு என்று உண்மையாகவே நினைத்தேன்.

பிறகு அந்த ஜோடி எப்படிச் சுற்றுகிறது என்று கணினியில் ஒரு மாடல் போட்டோம். உங்களுக்குத் தெரியும், மாடல் நாம் கொடுப்பதை நம்பும். நேரம் குறுகுகிறது என்று சொன்னோம். அப்படியானால் இந்த அளவு பொருள் பெரியதிலிருந்து சிறியதற்குக் கொட்டுகிறது என்று அது பதில் சொன்னது. கோடு புள்ளிகளின் நடுவே அவ்வளவு சுத்தமாகப் போயிற்று. இன்னும் எத்தனை ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகக் கலக்கும் என்று ஓர் எண்ணையும் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையில் எழுதினேன். தனபால் அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். கட்டுரை ஏற்கப்பட்டது. அதையே நடுவாக வைத்து அவருடைய ஆய்வேடும் முடிந்து, மதிப்பீடு ஆகி, வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தாயிற்று. கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்குள் பட்டம் கையில் வந்துவிடும் என்ற கணக்கில் அவர் இருந்தார். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த முறை என்பது அவருக்கு நிச்சயமில்லை.

அடுத்த வருடம், தேர்வுக்கு எட்டு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை பகலில், நானும் அவரும் சரஸ்வதிக்கு நன்றி சொல்ல ஆய்வேட்டின் ஒரு பிரதியோடு காட்டுக்குப் போனோம். அவர் வெங்காயம் தாள் அரிந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் பின்பக்கமிருந்து புரட்டினார். பின்னிணைப்பில், நாங்கள் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிய படங்கள் என்று சில மாதிரிகளைத் தனபால் சேர்த்திருந்தார். அவற்றில் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் கோணல் மாணலாக இழுபட்டிருந்தன.

“இது என்ன சார், புழு மாதிரி நெளியுது?”

“அது உங்க மோட்டார்க்கா” என்றார் தனபால். “த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வுட்டுருதுல்ல. மோட்டார் கெளம்புறப்ப கொட்டகையே ஒரு உதறு உதறும். அந்த நிமிசம் எடுத்த படம் இப்படி ஆயிரும். அதத் தூக்கிப் போட்டுருவோம்.”

சரஸ்வதி படத்தின் கீழே எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தார். எங்கள் கணினி காட்டுவது உலக நேரம். ஆய்வேட்டுக்காகத் தனபால் அதை இந்திய நேரத்துக்கு மாற்றி அச்சிட்டிருந்தார்.

“ஒன்னு நாப்பத்தொம்பதா? நம்ம லைனுக்கு ரெண்டு மணிக்குல்ல வரும்.”

“அன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துருக்கும்க்கா.”

“சீக்கிரமா?” சரஸ்வதி சிரித்துவிட்டார். “லேட்டா வரும் சார், வராமக்கூடப் போகும். சீக்கிரம் எங்க வரும்? பத்து வருசமா இந்த மோட்டாரோட கெடக்குறேன், ஒருநாள் வந்ததில்ல.”

நான் அதைக் கேட்டுப் புன்னகைத்தேன். தனபால் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். முதல் வருடத்துக் கோணல் படங்களில் நேரம் இரண்டு மணி, இரண்டு மணி ஒரு நிமிடம். இரண்டாம் வருடம் ஒன்று ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. மூன்றாம் வருடம் ஒன்று ஐம்பத்திரண்டு, ஐம்பது, நாற்பத்தொன்பது. அவர் விரல் அந்த எண்களின் மேல் போனதை நான் இப்போதும் பார்க்கிறேன். நட்சத்திரமும் அரும்பாவூர் மின்சாரமும் ஒரே அளவில் சீக்கிரமாகிக்கொண்டே வந்திருந்தன.

கொட்டகைக்குள் போய் மடிக்கணினியைத் திறந்து, அருகில் என் கைபேசியை வைத்தார். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தோம். கணினி இப்போது இருபது நிமிடம் பின்தங்கியிருந்தது. உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி தளரத் தளரக் கடிகாரம் மேலும் மேலும் மெதுவாகியிருக்கிறது. அதுதான் எங்கள் அழகான வளைவு. உலக நேரத்தில் ஓடிய கடிகாரம் என்பதால் இத்தனை நிமிடம் யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்து நான் பேசியதை மறைக்காமல் எழுதுகிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

“நீங்க மணியப் பாத்திருக்க வேண்டாமா தனபால்? மூணு வருசம்! வாராவாரம் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தது நீங்கதானே?”

அவர் அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதில் அவர் கையெழுத்தில் இருந்தது: ‘நெட் துண்டிக்கப்பட்டது. கணினி மணியைச் சரிபார்க்க வழியில்லை. மேடத்திடம் கேட்டேன், போதும் என்றார்.’ அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து. பச்சை மையில், தேதியோடு. படிக்காமல் போட்டது.

நான் வெளியே வந்தபோது அவர் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தார். மன்னித்துவிடுங்கள் என்றேன். பரவாயில்லை மேடம் என்றார். பரவாயில்லை என்பதற்கான முகம் அது இல்லை.

திங்கட்கிழமை முதல்வரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவரல்ல, தனபாலின் நிலைமை தெரிந்தவர். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

“வைவா முடியட்டும்ங்க மேடம். பட்டம் வந்துரட்டும். ஒரு மாசம் கழிச்சு, மறுபடி சோதிச்சோம், பிழை தெரிஞ்சுதுன்னு பத்திரிகைக்கு எழுதுங்க. உலகத்துல நடக்காததா? பாவம், அந்த மனுசன் மூணு பிள்ளைய வெச்சிருக்கார்.”

இதை எளிதாகத் தள்ளிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அன்று மாலை வரை அதுவே சரி என்றுதான் எனக்கும் பட்டது. என் பெயருக்காக அல்ல, அவருக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர், மாறாத ஒளி என்று நம்பி மூன்று மாதம் அளவுகோலாக வைத்த நட்சத்திரமே ஒளி மாறுகிற நட்சத்திரம் என்று தெரிந்ததும், கரும்பலகையில் போட்டிருந்த வரைபடத்தை எங்கள் முன்னாலேயே அழித்துவிட்டு முதல் இரவிலிருந்து ஆரம்பித்தார். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவர் அழித்தது தன்னுடைய மூன்று மாதத்தை. நான் அழிக்க வேண்டியிருந்தது இன்னொருவருடைய நான்கு வருடத்தை.

அதனால் அவரிடமே கேட்டேன். முதல்வர் சொன்னதையும் சொன்னேன். நாளைக்குச் சொல்கிறேன் மேடம் என்று போனை வைத்தார். மறுநாள் பள்ளி இடைவேளையில் கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

“எழுதிடுங்க மேடம்.”

“நல்லா யோசிச்சீங்களா?”

“காலைல பிளஸ் டூக்கு ப்ராக்டிகல். ஊசல். ஒரு பொண்ணு ஆட்டிப் பாக்காமயே வாய்ப்பாட்டுல போட்டு ரீடிங்கை எழுதி வெச்சிருக்கு. எல்லாம் அச்சு மாதிரி சரியா இருக்கு. திட்டலாம்னு வாயத் தெறந்தேன் மேடம். வார்த்த வரல.” பிறகு அவசரமாகச் சொன்னார். “எழுதிடுங்க. இன்னிக்கே எழுதிடுங்க, நாளைக்குன்னா நான் வேணாம்னு சொல்லிருவேன்.”

அன்றே எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். கணினிக் கடிகாரம் பிழை. இணையத்தைத் துண்டிக்கச் சொன்னதும், சரிபார்ப்புத் தேவையில்லை என்று முடிவெடுத்ததும் நான். தனபால் இதை எழுத்தில் சுட்டிக்காட்டியிருந்தும் நான் கவனிக்கவில்லை. இந்தக் கடைசி வரியை நான்கு முறை அடித்து எழுதினேன். முதல் மூன்று முறையும் ‘நாங்கள் கவனிக்கவில்லை’ என்றே கை போயிற்று. தேர்வை ரத்து செய்யச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதம் போயிற்று.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கடிகாரம் தப்பு என்பது நிச்சயம். நட்சத்திரம் சரியாகத்தான் வருகிறதா? அந்தப் பருவத்தில் இன்னும் ஒன்றிரண்டு மறைப்புகளே பார்க்க முடியும். அந்த வெள்ளிக்கிழமை கணினியின் மணியைச் சரிசெய்துவிட்டு மூன்று பேரும் கூரையில் உட்கார்ந்தோம். சரஸ்வதியும் வந்திருந்தார், தன்னால்தான் எல்லாம் கெட்டுப்போயிற்று என்ற குறையோடு. என் கட்டுரையின் வளைவுப்படி ஒன்பது ஐம்பத்தாறுக்கு நட்சத்திரம் அடிமட்டத்துக்கு மங்க வேண்டும். பழைய அட்டவணையின்படி பத்து பதினாறுக்கு. ஒன்பது ஐம்பத்தாறு ஆயிற்று. ஒளி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து பத்து. இன்னும் இறங்கியது. பத்து பதினாறுக்கு நின்று, சற்று நேரத்தில் ஏறத் தொடங்கியது.

“இப்ப வந்துருச்சா சார்?” என்றார் சரஸ்வதி.

“அது எப்பவும் சரியாத்தான்க்கா வந்துட்டிருக்கு” என்றார் தனபால். அவர் குரலில் வருத்தம் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. எனக்கு இருந்தது. அந்த வளைவு உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று கடைசி நிமிடம் வரை ஒரு மனம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பழைய மூன்று வருடப் பார்வைகளையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். வழி சொன்னவர் சரஸ்வதி. துணை மின்நிலையத்தில் எந்த லைனுக்கு எத்தனை மணிக்குக் கரண்டு விட்டோம் என்று நோட்டில் எழுதிவைப்பார்கள் என்றார். தனபால் கடிதம் கொடுத்து, அனுமதி வாங்கி, விடுமுறை நாட்களில் போய் உட்கார்ந்து, ஒவ்வோர் இரவுக்கும் மின்சாரம் விட்ட நிமிடத்தைக் குறித்துவந்தார். நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய கோணல் படங்களின் நேரத்தோடு அதை ஒப்பிட்டபோது, எந்த இரவில் எங்கள் கடிகாரம் எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பது கிடைத்தது. ஒரு நிமிடத் துல்லியம்தான். ஆனால் அதைக் கொண்டு திருத்தியதும் வளைந்து தொங்கிய புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி நேர்க்கோட்டில் நின்றன. மாடலையும் புதிதாகப் போட்டார். பொருள் கொட்டவில்லை. சுற்று குறுகவில்லை. மூன்று வருடமும் அந்த ஜோடி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

புது ஆய்வேட்டுக்கு ஒன்றேகால் வருடம் ஆனது. கல்லூரிப் பணிக்கான விண்ணப்பம் அவருக்குத் தவறிப்போயிற்று. இன்றும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். இதை எந்தச் சமாதானமும் சேர்க்காமல் அப்படியே எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று உங்களுக்கு நான் சொன்னால் அதுவும் இன்னொரு தப்பான கடிகாரம்.

வாய்மொழித் தேர்வு நடந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். அந்தத் தேர்வில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். சரஸ்வதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தன் கேள்விகளை முடித்துவிட்டு, சபையில் யாருக்காவது கேட்க இருக்கிறதா என்றார். ஒருவரும் எழவில்லை. சரஸ்வதி எழுந்தார்.

“சார், ஒன்னே ஒன்னு. அந்த ரெண்டும் எப்பத்தான் ஒன்னா சேரும்?”

சிலர் சிரித்தார்கள். தனபால் சிரிக்கவில்லை. தேர்வாளரைப் பார்த்துச் சொல்லாமல், சரஸ்வதியைப் பார்த்தே சொன்னார்.

“தெரியலக்கா. எங்க கிட்ட இருக்கிற மூணு வருசப் பார்வைய வெச்சு அதச் சொல்ல முடியாது.”

சரஸ்வதி சரி என்று தலையாட்டி உட்கார்ந்தார். தேர்வாளர் பேனாவை எடுத்துப் படிவத்தில் கையெழுத்திட்டார். இதே கேள்விக்கு ஒரு காலத்தில் ஓர் எண்ணை எழுதி அச்சுக்கு அனுப்பியவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட ஒரு மேடையில் நின்று ‘தெரியவில்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. கைதட்டல் தொடங்கியபோது நான்தான் முதலில் எழுந்து நின்றேன்.